ஆறு முறை மடிக்கும் சதுரங்கப் பலகை: 18,446,744,073,709,551,615 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

கடை பூட்டும் நேரத்தில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் கணினியில் கையிருப்பைப் பார்க்கிறார். சீனி 42 கிலோ. பருப்பு 18 கிலோ. சவர்க்காரம் 18446744073709551615 கட்டி. தட்டில் ஒரு கட்டிகூட இல்லை. கணினி காட்டும் கணக்கை நம்பினால், உலகில் உள்ள ஒவ்வொருவருக்கும் தலைக்கு இருநூறு கோடிக் கட்டிக்கு மேல் கொடுக்கலாம். உடனே வைரஸ் என்கிறார் ஒருவர். யாரோ கணக்குக்குள் புகுந்துவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர்.

அதே எண் யாழ்ப்பாணத்தில் வேறோர் இடத்திலும் அடிக்கடி எழுதப்படுகிறது. சாதாரண தரக் கணிதத்தில் பெருக்கல் விருத்தி படிப்பிக்கும்போது ஆசிரியர்கள் சதுரங்கப் பலகைக் கதையைச் சொல்வார்கள். முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டங்களையும் நிரப்பினால் மொத்தம் எத்தனை நெல்? விடை 18446744073709551615. சவர்க்காரத்துக்கு வந்த எண், கடைசி இலக்கம் வரை அதேதான்.

இது தற்செயல் அல்ல. ஆனால் காரணத்தை விளங்கிக்கொள்ள எண்ணின் பருமனைப் பார்த்து வியந்தால் போதாது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வியப்போடு நின்றுவிடுகிறார்கள். எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் விடயம் தொடங்குகிறது.

முதலில் வாசிப்போம்

நமது வழக்கப்படி வாசித்தால் இது 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615. இருபது இலக்கங்கள். சுருக்கமாக எழுதினால் 2⁶⁴ − 1, அதாவது இரண்டை அறுபத்து நான்கு தடவை எடுத்துத் தம்முள் பெருக்கி வந்த விடையிலிருந்து ஒன்றைக் கழித்தது.

கட்டுரை முழுவதும் வரப்போகும் சொற்கள் மூன்று. ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் *காரணி*. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத, ஒன்றைவிடப் பெரிய எண் *முதன்மை எண்*. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைப் பகா எண் என்கின்றன. 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எழுதப்படுவது *துவித எண்*. தசம எண்களில் இடங்களின் பெறுமானம் 1, 10, 100 என்று பத்து மடங்காக ஏறுகிறது. துவித எண்களில் அது 1, 2, 4, 8 என்று இரு மடங்காக ஏறுகிறது. சதுரங்கக் கட்டங்களில் நெல் ஏறுவதும் இப்படித்தான் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நெல்லை நிறுத்துப் பார்த்தால்

ஒரு கிராமுக்கு 40 நெல்மணி என்று வைத்துக்கொள்வோம். மொட்டைக்கறுப்பனுக்கும் சம்பாவுக்கும் இது கொஞ்சம் மாறும்; கணக்கின் போக்கு மாறாது.

1. முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களில் மொத்தம் 255 மணி. ஆறு கிராமுக்குச் சற்று மேல். உள்ளங்கையில் ஓர் ஓரமாகக் கிடக்கும்.
2. இரண்டு வரிசை முடியும்போது 65,535 மணி. ஒன்றரைக் கிலோவைத் தாண்டுகிறது.
3. மூன்று வரிசைக்கு 1,67,77,215 மணி. ஏறத்தாழ 420 கிலோ, ஆறு மூடை.
4. பாதிப் பலகை, அதாவது 32 கட்டம்: 4,294,967,295 மணி. 107 தொன். கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் பத்துத் தொன் லொறிகள் பதினொன்று வரவேண்டும்.

இதுவரை ஓர் ஆலைக்காரரால் சமாளிக்கக்கூடிய கணக்கு. மீதிப் பாதியும் நிரம்பினால் எடை 46,000 கோடித் தொன்னைத் தாண்டுகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு விளையும் நெல் ஏறத்தாழ 80 கோடித் தொன். ஆகவே ஐந்நூற்று எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட உலக விளைச்சல் வேண்டும். ஒரு கனமீற்றருக்கு 600 கிலோ என்று கொண்டு இந்த நெல்லை இலங்கைத்தீவு முழுவதும் பரப்பினால் பன்னிரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவான தடிப்பில் நிற்கும். வளர்ந்த பனைக்கு இடுப்பளவு. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் கொட்டினால், மலையே இல்லாத இந்த மண்ணில் முக்கால் கிலோமீற்றர் உயரத்துக்கு ஒரு மேட்டுநிலம் எழும்பிவிடும்.

பிரான்சியக் கணிதர் எடுவார்ட் லூக்கா 1883 இல் வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரிலும் இதே எண் வருகிறது. காசியில் ஒரு கோயிலில் 64 தட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும் என்று அதற்கு ஒரு கதையும் கட்டினார்கள். செக்கனுக்கு ஒரு தட்டு நகர்த்தினால் 58,000 கோடி ஆண்டுக்கு மேல் எடுக்கும். கதை பொய்; கணக்கு மெய்.

பருமனைப் பற்றி இவ்வளவு போதும்.

பலகையை மடித்தல்

பாதிப் பலகையில் பதினொரு லொறி. முழுப் பலகையில் ஒரு தீவை மூடும் நெல். இரண்டுக்கும் உள்ள உறவு என்ன?

33 ஆம் கட்டத்தை எடுங்கள். முதற் கட்டத்தில் இருப்பதுபோல் 2³² மடங்கு நெல் அங்கே இருக்கிறது. 34 ஆம் கட்டம் இரண்டாம் கட்டத்தின் அதே மடங்கு. 64 ஆம் கட்டம் 32 ஆம் கட்டத்தின் அதே மடங்கு. பலகையை நடுவில் மடித்தால் மேற்பாதியின் ஒவ்வொரு கட்டமும் கீழ்ப்பாதியின் ஒரு கட்டத்தின்மேல் ஒழுங்காக உட்காரும், எல்லா இடத்திலும் ஒரே மடங்கில். ஆகவே முழுப் பலகை என்பது பாதிப் பலகையும், அதன் 2³² மடங்கும் சேர்ந்தது. வேறு சொல்லில், பாதிப் பலகையின் (2³² + 1) மடங்கு.

இப்போது அந்தப் பாதியையும் மடிக்கலாம். தொடர்ந்து மடித்துக்கொண்டே போனால்:

1. 64 கட்டம் = 32 கட்டம் × 4,294,967,297
2. 32 கட்டம் = 16 கட்டம் × 65,537
3. 16 கட்டம் = 8 கட்டம் × 257
4. 8 கட்டம் = 4 கட்டம் × 17
5. 4 கட்டம் = 2 கட்டம் × 5
6. 2 கட்டம் = 1 கட்டம் × 3

கடைசியில் எஞ்சுவது ஒரே கட்டம், அதில் ஒரே நெல். ஆறு மடிப்பு, ஆறு பெருக்கம்:

18,446,744,073,709,551,615 = 3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297

ஒன்பதாம் தரத்தில் படித்த 'இரு வர்க்கங்களின் வித்தியாசம்' நினைவில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. *a² − b² = (a + b)(a − b)* என்பதை ஆறு தடவை பிரயோகித்திருக்கிறோம், அவ்வளவுதான். நம்பாதவர்கள் கையாலேயே பார்க்கலாம். எண்ணின் கடைசி இலக்கம் 5, ஆகவே ஐந்தால் வகுபடும். இருபது இலக்கங்களையும் கூட்டினால் 87. அது மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. முதல் வரிசையின் 255 மணி 3 × 5 × 17 தான்.

பலகைக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம் அமைந்ததால்தான் இது நடக்கிறது. 64 ஐ ஒன்று வரும்வரை இரண்டால் வகுத்துக்கொண்டே போகலாம். பத்துக்குப் பத்துக் கட்டம் என்றால் 100, 50, 25 என்று வந்து அங்கே மடிப்பு நின்றுவிடும்.

ஒவ்வொன்றும் முன்னவற்றின் பெருக்கத்தைவிட இரண்டு கூட

ஆறு துண்டுகளையும் வரிசையில் வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 3 உடன் 2 கூட்டினால் 5. 3 × 5 = 15; 2 கூட்டினால் 17. 3 × 5 × 17 = 255; 2 கூட்டினால் 257. இவ்வாறே ஐந்தையும் பெருக்கினால் 4,294,967,295. இரண்டு கூட்டினால் ஆறாவது துண்டு.

இதிலிருந்து உடனே ஒரு விளைவு வருகிறது. ஆறாவது துண்டை 3, 5, 17, 257, 65,537 ஆகிய எதனால் வகுத்தாலும் மீதி 2. ஆகவே இந்தத் துண்டுகளில் எந்த இரண்டுக்கும் 1 ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. இதைச் சற்று நேரத்தில் பயன்படுத்தப்போகிறோம்.

இவ்வகை எண்களுக்குப் பெயர் *ஃபெர்மா எண்கள்*. பிரான்சியச் சட்டத்தரணியும் கணிதருமான பியேர் த ஃபெர்மா 1640 இல் இவற்றைப் பற்றி எழுதினார். 3, 5, 17, 257, 65,537 ஐந்தும் முதன்மை எண்கள். அடுத்தது 4,294,967,297. அதுவும், அதற்குப் பின் வரும் யாவும் முதன்மை எண்களே என்று அவர் நம்பினார். நிறுவ முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அந்த நம்பிக்கை அப்படியே நின்றது.

641

1732 இல், இருபத்தைந்து வயதுச் சுவிஸ் கணிதர் லெயோனார்ட் ஒய்லர் அதைத் தகர்த்தார்:

4,294,967,297 = 641 × 6,700,417

கல்குலேற்றர் இல்லாத காலம். 641 க்கு முன்னால் நூற்றுக்கு மேற்பட்ட முதன்மை எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதுதான் இதில் உள்ள அழகு.

சிறிய உதாரணம் ஒன்று. 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் 17 ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள்: 2, 4, 8, 16, 15, 13, 9, 1. எட்டாவது இடத்தில் 1 வந்துவிட்டது. இனி 2, 4, 8 என்று அதே வரிசை திரும்பும். சுற்றின் நீளம் 8. நான்காவது மீதி 16, அதாவது 17 க்கு ஒன்று குறைவு. பாதிச் சுற்றில் 'ஒன்று குறைவு', முழுச் சுற்றில் 'ஒன்று'.

இனி 2³² + 1 இன் ஒரு முதன்மைக் காரணியை எடுத்து அதே வேலையைச் செய்தால், 32 ஆவது இடத்தில் 'ஒன்று குறைவு' வரும். ஆகவே சுற்றின் நீளம் சரியாக 64. முதன்மை எண் ஒன்றால் வகுக்கும்போது இச்சுற்றின் நீளம், அந்த எண்ணிலிருந்து 1 குறைந்ததை மீதியின்றி வகுக்கும் என்று ஒரு தேற்றம் சொல்கிறது. 17 க்கு, 8 என்பது 16 ஐ வகுப்பதுபோல. எனவே நாம் தேடும் காரணியிலிருந்து 1 ஐக் கழித்தால் 64 இன் மடங்கு வரவேண்டும்.

64 இன் மடங்குகளுடன் ஒன்று கூட்டினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றுள் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். 257 ஃபெர்மா எண். அதனால் வகுத்தால் மீதி 2 என்று முன்னரே கண்டோம். எஞ்சுவது நான்கு. நான்காவது வகுத்தலில் மீதி பூச்சியம்.

இதில் ஒரு குறும்பு இருக்கிறது. மேலே சொன்ன தேற்றம் ஃபெர்மாவுடையது, அதுவும் அதே 1640 இல் கடிதமொன்றில் அவர் எழுதியது. தன் ஊகத்தைத் தகர்க்கும் ஆயுதம் அவருடைய கையிலேயே இருந்தது. நான்கே நான்கு வகுத்தல். ஏனோ அவர் செய்யவில்லை, அல்லது செய்து எங்கோ பிழைவிட்டார்.

641 சரிதான் என்பதை வகுக்காமலே காட்டலாம்.

1. 641 = 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1. எனவே 641 ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ இன் மீதியை −1 என்று கொள்ளலாம்.
2. இரு பக்கத்தையும் நான்காம் வலுவுக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸ இன் மீதி +1.
3. 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. எனவே 5⁴ இன் மீதியும் −2⁴ இன் மீதியும் ஒன்றே.
4. இரண்டாவது படியில் 5⁴ க்குப் பதிலாக −2⁴ ஐப் போட்டால், −2³² இன் மீதி 1. எனவே 2³² + 1 இன் மீதி 0.

ஒரே எண் 640 + 1 ஆகவும் 625 + 16 ஆகவும் அமைந்த அதிர்ஷ்டத்தால் வந்த நிறுவல் இது. உயர்தர மாணவர் ஒருவர் பஸ் வருவதற்குள் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதி முடித்துவிடலாம்.

6,700,417 முதன்மை எண். ஆக, நமது எண்ணின் முழுப் பிரிப்பு:

3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417

ஏழு முதன்மை எண்கள், ஒவ்வொன்றும் ஒரே தடவை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் மொத்தக் காரணிகள் 2⁷ = 128. காரணிகளின் எண்ணிக்கையும் இரண்டின் வலுவாகவே வந்து நிற்கிறது.

கவராயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அளவுக்கோடு இல்லாத நேர்விளிம்பும் கவராயமும் மட்டும் தந்தால் எந்தெந்த ஒழுங்கான பல்கோணிகளை, அதாவது பக்கங்களும் கோணங்களும் எல்லாம் சமமானவற்றை, வரையலாம்? சமபக்க முக்கோணியை எவரும் வரைவர். ஒழுங்கான ஐங்கோணியையும் பதினைந்து பக்கத்தையும் யூக்ளிட் காட்டியிருக்கிறார். ஏழு பக்கம் முடியாது. ஒன்பதும் முடியாது.

இரண்டாயிரம் ஆண்டு இந்தப் பட்டியல் நகரவில்லை. 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிறைய ஒரு மாதம் இருந்த ஜெர்மானியக் கணிதர் காவுஸ், 17 பக்கங்களையும் வரையலாம் என்று கண்டார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றையெண்ணாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா முதன்மை எண்களின் பெருக்கமாக இருக்கவேண்டும் என்பதே விதி. வேறு எதுவும் இயலாது என்ற மறுபாதியை 1837 இல் பிரான்சியக் கணிதர் வான்செல் நிறுவினார். ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65,537 பக்கப் பல்கோணிக்குப் பத்தாண்டு செலவிட்டு 1894 இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் படிகள் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் வைக்கப்பட்டன. அவற்றைத் திறந்து சரிபார்க்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்று தெரியாது, எனக்கு இராது.

இதுவரை அறியப்பட்ட ஃபெர்மா முதன்மை எண்கள் ஐந்தே. ஐந்தில் சிலதையோ எல்லாவற்றையுமோ தெரிந்து பெருக்க 31 வழி. எனவே வரையக்கூடியவை என்று நமக்குத் தெரிந்த ஒற்றையெண் பக்கப் பல்கோணிகள் 31. அவற்றுள் பெரியது ஐந்தையும் பெருக்கியது: 4,294,967,295 பக்கம். இது பாதிப் பலகையின் நெல். அந்தப் பல்கோணியைப் பூமியின் நடுக்கோட்டுச் சுற்றளவுக்கு வரைந்தால் ஒரு பக்கத்தின் நீளம் 9.3 மில்லிமீற்றர், நீண்ட நெல்மணி ஒன்றின் அளவு. பதினொரு லொறி நெல்லையும் முனையோடு முனை வைத்தால் பூமியை ஒருமுறை சுற்றிவிடும்.

முக்கோணியில் ஒளிந்திருக்கும் பட்டியல்

பாஸ்கால் முக்கோணியைப் பலரும் பாடசாலையில் கண்டிருப்பார்கள். இந்திய யாப்பிலக்கண மரபில் அதற்கு மேரு பிரஸ்தாரம் என்று பெயர். மேலே உள்ள இரண்டையும் கூட்டிக் கீழே எழுதிக்கொண்டு போவது. ஒற்றையெண் வந்தால் 1, இரட்டையெண் வந்தால் 0 என்று மாற்றி, ஒவ்வொரு வரியையும் துவித எண்ணாக வாசியுங்கள்.

வரி 0: 1 → 1
வரி 1: 1 1 → 3
வரி 2: 1 0 1 → 5
வரி 3: 1 1 1 1 → 15
வரி 4: 1 0 0 0 1 → 17
வரி 5: 1 1 0 0 1 1 → 51
வரி 6: 1 0 1 0 1 0 1 → 85
வரி 7: 1 1 1 1 1 1 1 1 → 255

3, 5, 15, 17, 51, 85, 255: காவுஸின் பட்டியல், ஒன்றும் தவறாமல், ஒன்றும் கூடாமல், ஏறுவரிசையில். 31 ஆவது வரி வரை இது பிசகுவதில்லை; அந்த வரி 4,294,967,295. ஆனால் 32 ஆவது வரி 4,294,967,297, ஒய்லர் உடைத்த எண். அத்தனை பக்கம் வரைய முடியாது. கோலம் தொடர்கிறது, பல்கோணிகள் அங்கே அறுந்துபோகின்றன.

முக்கோணியை விடாமல் கீழே இறங்கினால் 63 ஆவது வரியில் எல்லா எண்களும் ஒற்றை. அறுபத்து நான்கு 1 கள். அதன் பெறுமானம் 18,446,744,073,709,551,615.

நமது எண்ணுக்கு அடுத்து வரும் இரண்டு எண்களையும் பார்த்துவிடலாம். ஒன்று கூட்டினால் 2⁶⁴. அதில் இரண்டைத் தவிர வேறு முதன்மைக் காரணியே இல்லை. இரண்டு கூட்டினால் அடுத்த ஃபெர்மா எண். அது 274,177 × 67,280,421,310,721 என்பதை 1880 இல் லான்றி என்ற பிரான்சியர் வெளியிட்டார், எண்பது வயது கடந்தபின். ஒய்லர் தொட்டதையும் சேர்த்து, அதிலிருந்து வரிசையாக வரும் 28 ஃபெர்மா எண்களில் ஒன்றும் முதன்மை எண் அல்ல என்பது இன்று தெரியும். ஆறாவதாக ஒரு ஃபெர்மா முதன்மை எண்ணை எவரும் கண்டதில்லை.

இனிச் சவர்க்காரம்

இன்றைய கணினிகள் முழு எண்ணொன்றைப் பெரும்பாலும் 64 *பிட்*களில் வைக்கின்றன. ஒரு பிட் என்பது ஒரு ஆளி: போட்டால் 1, நிறுத்தினால் 0. முதல் ஆளியின் பெறுமானம் 1, அடுத்தது 2, அடுத்தது 4. இது சதுரங்கப் பலகையேதான். கட்டத்துக்கு ஓர் ஆளி. அறுபத்து நான்கையும் போட்டால் பலகை நிரம்பிய நெல்லின் எண்ணிக்கை. வகுப்பறையில் வந்த எண்ணும் கடையில் வந்த எண்ணும் ஒன்றாக இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் இல்லை.

எல்லா ஆளியும் எப்படித் தாமாகப் போடப்பட்டன? மோட்டார் சைக்கிளின் தூரங்காட்டியில் 00000 நிற்கும்போது ஒரு கிலோமீற்றர் பின்னுக்குச் சுற்றினால் 99999 காட்டும். தசமத்தில் எல்லா இலக்கமும் 9. துவிதத்தில் எல்லா இலக்கமும் 1. கடையில் நடந்தது இதுதான்:

1. கையிருப்பு 0 ஆக இருந்தது. புதிய பெட்டி வந்திருந்தும் அதைக் கணினியில் பதியவில்லை.
2. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கட்டி விற்பனையானது. கணினி 0 இலிருந்து 1 ஐக் கழித்தது.
3. கையிருப்புக் குறைவெண்ணாக வராது என்று கருதிய மென்பொருள்காரர், குறை அடையாளத்துக்கு இடம் வைக்கவில்லை.
4. ஆகவே கணினியின் எண்ணி, அதாவது எண்ணிக்கையை வைத்திருக்கும் இடம், பின்னுக்குச் சுற்றி உச்சிக்குப் போனது.

அதே அறுபத்து நான்கு 1 களை, குறைவெண்ணுக்கு இடம் கொடுக்கும் மென்பொருள் −1 என்று வாசிக்கும். ஆளிகளின் நிலையில் ஒரு வேறுபாடும் இல்லை. வாசிக்கும் முறைதான் வேறு. திருட்டும் இல்லை, வைரஸும் இல்லை. பெட்டியைப் பதிந்தால் எண் தானே முன்னுக்குச் சுற்றிச் சரியான இடத்துக்கு வந்துவிடும், பெரும்பாலும். பூச்சியத்துக்குக் கீழே கழிக்க விடாத சோதனையொன்றை எழுதாமல் விட்டது மென்பொருள்காரரின் பிழை. அதைக் கடைக்காரர் தலையில் போடக்கூடாது.

குறைவெண்ணுக்கும் இடம் வைத்தால் ஓர் ஆளி அதற்குப் போய்விடும், உச்சம் பாதியாகும். 32 ஆளிகளில் அந்த உச்சம் 2,147,483,647. இது முதன்மை எண் என்று நிறுவியவரும் ஒய்லர்தான், 1772 இல். 2014 டிசம்பரில் தென்கொரியப் பாடலொன்றின் பார்வைகள் இந்த உச்சத்தைக் கடந்தன. பார்வை எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியிருப்பதாக யூடியூப் அறிவித்தது.

அடுத்துச் சிக்கப்போவது கடிகாரம். பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து கடந்த செக்கன்களாக எண்ணுகின்றன. அதை இன்னும் 32 ஆளிகளிலேயே வைத்திருக்கும் பழைய கருவிகளில், 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாணத்தில் காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனுக்கு எண்ணி நிரம்புகிறது. அடுத்த செக்கனில் அவை 1901 டிசம்பருக்குப் பாயும். கைத்தொலைபேசிகளும் புதிய கணினிகளும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. கதவுப் பூட்டு, பாதுகாப்புக் கமரா, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்ற, ஒருமுறை பூட்டினால் எவரும் திரும்பிப் பார்க்காத கருவிகளில்தான் கவலை. மாற்றப்பட்டவற்றின் எண்ணி நிரம்ப இன்னும் 29,000 கோடி ஆண்டுக்கு மேல் இருக்கிறது.